வேகம் மட்டும் போதுமா?

நம் பிள்ளைகள் சிலர் கணிப்பொறியின் செயலியை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறார்கள். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்கு ஏறிப் புகழ்பெற்றது. அந்த ஆசை இன்றும் தீரவில்லை.

ஆர்வம் நல்லதே. ஆனால் இயந்திரம் திடீரென நின்றால், உடனே மின்னழுத்தத்தைக் கூட்டுவது தவறு; சூடுதான் ஏறும். முதலில் பழைய வேகத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். கோளாறு மறைந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. பிறகு ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, படிப்படியாக ஏற்றட்டும்.

பலமனேரின் குளிர்ந்த இரவில் தேறிய இயந்திரம், மொகிலி கணவாய்க்குக் கீழே சித்தூர் வெயிலில் தடுமாறலாம். ஆகவே நடுப்பகலில் சில மணி நேரம் சோதிக்க வேண்டும். பிழையான கணக்கு சத்தமின்றிக் கோப்புகளைக் கெடுத்துவிடும். வீட்டுப் புகைப்படங்கள் அழிந்தபின் எந்த வேகம் மீட்டுத் தரும்?