ஏரிக்கரையில் எதிர்ப்படும் காக்கி

மார்கழி பிறந்துவிட்டால், பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் வரையுள்ள ஏரிக்கரைகளிலும் உப்பளப் பாத்திகளின் ஓரத்திலும் விடிவதற்கு முன்பே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். ஒருவர் தோளில் கோணிப்பை, கையில் கண்ணிச் சுருள். இன்னொருவர் கையில் டார்ச் லைட், ஒரு கம்பு. முன்னவர் மடையானுக்கும் நீர்க்கோழிக்கும் வந்தவர். பின்னவர் அவரைத் தேடி வந்த வேட்டைத் தடுப்புக் காவலர். பல நேரங்களில் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் இவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேச ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் இருக்கிறது: ஒருவர் மற்றவரைப் பிடிக்கும்போது.

வன உயிரின வழக்குகளில் வாதாடி வருபவன் என்ற முறையில், இந்தக் கடலோரத்தில் வேட்டை குறையாததற்கு முதல் காரணமாக நான் பார்ப்பது இதைத்தான். சட்டம் கடுமையாக இல்லை என்பார்கள். கடுமை போதுமான அளவு இருக்கிறது. கைது தவிர வேறு எந்த வகையிலும் வேட்டைக்காரரும் வனத்துறையும் சந்தித்துக்கொள்ள வழியில்லாததுதான் குறை.

அமெரிக்காவில் வாத்து சுடப் போகிறவர் கையில் உரிமம் இருக்கும். 1934 முதல் அதோடு வாத்து முத்திரை ஒன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பணம் சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பாற்றப் போகிறது. அங்கே வார்டன் வந்தால் உரிமத்தைப் பார்ப்பார், பையில் உள்ள வாத்துகளை எண்ணுவார், போய்விடுவார். நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தபோது வேட்டை உரிமங்களுக்கு இடம் இருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. எடுத்தது சரிதான். மிச்சமிருக்கும் பறவைகளை வைத்துக்கொண்டு நாம் உரிமம் பேச முடியாது.

ஆனால் உரிமம் இருந்த காலத்திலும் அது யாருக்கு இருந்தது? நீலகிரியில் 1877இல் வெள்ளைக்கார துரைமார்கள் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். 1879இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. துரை சுட்டால் விளையாட்டு, மலைவாசி கண்ணி வைத்தால் திருட்டு. அந்தப் பிரிவினை இன்றும் போகவில்லை என்பது என் எண்ணம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் பாரம்பரிய உரிமைகளை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு வந்து, வேட்டையை மட்டும் பெயர் சொல்லி விலக்கியது. விலக்கியதில் தவறில்லை. விலக்கிய பின் அந்த மனிதரிடம் யாரும் போய் உட்கார்ந்து பேசவில்லை.

ஒரு கோணிப்பையைத் திறந்து பார்ப்போம். உள்ளே ஆறு மடையான், ஒரு முயல், ஒரு உடும்பு. பிடித்தவருக்கு மூன்றும் கறி. சட்டத்துக்கு அப்படியல்ல. மடையானும் முயலும் இரண்டாம் அட்டவணை. மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம். துறை விரும்பினால் இணக்கத் தொகை பெற்றுக்கொண்டு அதோடு முடித்தும் விடலாம். உடும்பு முதலாம் அட்டவணை. குறைந்தது மூன்று ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு; அபராதம் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது; பணம் கட்டித் தீர்க்கவும் முடியாது. புளியந்தோப்பில் பிடித்த அந்த ஒற்றை உடும்பால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறிவிடுகிறது. 2022 திருத்தத்தில் ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கியதோ, 2023 ஏப்ரல் முதல் தேதி அது அமலுக்கு வந்ததோ கண்ணி கட்டுபவருக்கு யார் சொல்வது? பறவை சிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கண்ணியை நட்டு வைத்தாலே சட்டப்படி வேட்டை. முட்டையை எடுத்தாலும் கூட்டைக் கலைத்தாலும் வேட்டை.

பிடிபட்ட இடத்திலேயே மகஜர் எழுதுவார்கள். நாட்டுத் துப்பாக்கி ஒன்று, நைலான் கண்ணி இத்தனை, இறந்த நிலையில் பறவை இத்தனை என்று பட்டியல். கீழே இடது கட்டைவிரல் ரேகை. என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், “தெரியல சாமி, வைக்கச் சொன்னாங்க, வச்சேன்” என்று ஒரு நரிக்குறவப் பெரியவர் என்னிடம் சொன்னார். வனத்துறையினர் போலீஸ் அல்ல. அதனால் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்துக்குச் சட்டம் போட்டிருக்கும் தடை இவர்களிடம் கொடுத்ததற்கு அப்படியே பொருந்தாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் பேசிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் அநேகம். முன்பு ஒருமுறை இணக்கத் தொகை கட்டினீர்களே, ரசீது இருக்கிறதா என்று கேட்டால் அந்தப் பெரியவரிடம் பதிலே இல்லை. கொடுத்திருப்பார்கள், தொலைத்திருப்பார், கொடுக்காமலும் இருந்திருக்கலாம். துணை வனப் பாதுகாவலர் தகுதிக்குக் கீழே உள்ள எவரும் இணக்கத் தொகையை முடிவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தால், ரசீதைக் கேட்டு வாங்கும் தைரியம் வந்திருக்கும்.

‘பாரஸ்ட்காரர்’ என்றாலே இந்தப் பகுதி இருளர்கள் ஒதுங்கிப்போவதற்கு வேட்டை மட்டும் காரணமில்லை. இருளர்களில் பெரும்பாலோர் இங்கே உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்பவர்கள். கண்ணியைத் தொட்டே அறியாதவர்கள். ஊரில் திருட்டு நடந்தால் முதலில் இவர்கள் குடிசையைத் தட்டிய போலீஸ் நிறைய. அவர்களுக்கு எல்லாக் காக்கியும் ஒரே காக்கிதான். அந்தப் பயத்துக்குத் தமிழ்நாட்டில் ஆதாரமும் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடி வாச்சாத்திக்குள் போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் செய்த வன்கொடுமைகள் என்ன என்பதை 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பாக எழுதியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அவர்களில் அதிகம் பேர் வனத்துறையினர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தருமபுரி எங்கே, மரக்காணம் எங்கே என்று கேட்கலாம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மாவட்டம் மாவட்டமாகப் போய்வருகிற மக்களிடம் இந்தச் செய்திகளும் கூடவே பயணம் செய்கின்றன.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர் பெரும்பாலும் நிரந்தர ஊழியர் அல்ல, தொகுப்பூதியக்காரர். இரவில் ஏரிக்கரையில் கம்போடு நடக்கிறார். எதிரில் வருபவரிடம் ரவை நிரப்பிய நாட்டுத் துப்பாக்கி இருக்கலாம். 1991இல் வீரப்பனைச் சரணடையச் செய்யலாம் என்று நம்பிப் போன வன அதிகாரி பி.சீனிவாஸ் கொல்லப்பட்டதை வனத்துறையில் யாரும் மறக்கவில்லை. பைக்கில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு முந்திரித் தோப்பில் முயல் சுட வரும் இளைஞர் கூட்டம் வேறு வகை. அவர்களுக்குப் பசி இல்லை, பொழுதுபோக்கு. செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். குறைந்த விசையுள்ள ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பதால், அதைக் கொண்டு ஒரு கொக்கைச் சுட்டாலும் குற்றமில்லை என்று இவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். காவலர் இவர்களை மறித்தால் உடனே யாருக்காவது போன் போகும். பெரியவருக்குப் போன் செய்ய ஆள் கிடையாது. ஆகவே கணக்கில் வருவது பெரியவரின் வழக்குதான்.

கைது தவிர்த்த சந்திப்பு சாத்தியமா என்று கேட்பவர்கள் நம் சுற்றுவட்டாரத்தையே பார்க்கலாம். வேடந்தாங்கல் இங்கிருந்து அதிக தூரமில்லை. ஏரியில் பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், தடுத்தவர்கள் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுல் என்னும் உறுதிப் பத்திரமாக எழுதி வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். வார்டன் என்ற பதவி வருவதற்கு முன்பே அந்த ஊர் முழுக்க வார்டன்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வடநெம்மேலி. தோலுக்காக இருளர்கள் பாம்பு பிடித்துக்கொண்டிருந்ததைச் சட்டம் தடுத்தது, பிழைப்பு போயிற்று. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணை நிற்க, 1978இல் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் பிடிக்கிறார்கள். நஞ்சு எடுத்தபின் திரும்ப விடுகிறார்கள். நாடு முழுக்கப் பாம்புக்கடிக்குப் போடும் மருந்துக்கு அந்த நஞ்சு போகிறது. பிடிப்பது அதே கை. முன்பு அது குற்றம். இப்போது அனுமதிச் சீட்டோடு நடக்கும் தொழில். இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே வனத்துறை அதிகாரியும் இருளரும் ஆண்டுதோறும் ஒரே மேசையில் எண்ணிக்கை பேசுகிறார்கள்.

பறவைகளுக்கும் முன்னுதாரணம் உண்டு. பீகாரின் மீர்ஷிகார்கள் பரம்பரையாகப் பறவை பிடிப்பவர்கள். அவர்களில் ஒருவரான அலி உசேனை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வேலைக்கு எடுத்தது. அவர் பிடித்துக் கொடுத்த பறவைகளின் காலில் வளையம் மாட்டித்தான் அவை எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்பதை ஆய்வாளர்கள் தெரிந்துகொண்டார்கள். நாகாலாந்தின் பங்டியில் 2012இல் தோயாங் நீர்த்தேக்கக் கரையில் அமுர் வல்லூறுகளை வலை போட்டு ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். மறு ஆண்டே அந்தக் கிராமம் வேட்டையை நிறுத்தியது. அதிகாரிகளும் தொண்டர்களும் கிராம சபையும் தேவாலயமும் உட்கார்ந்து பேசியதுதான் அதற்குக் காரணம்.

நம் பகுதியிலுள்ள கழுவேலிச் சதுப்பு நிலத்துக்கு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயத் தகுதி கிடைத்தது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. மரக்காணம், வானூர் வட்டங்களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரப்பு. இவ்வளவு நீரையும் கோரைப்புல்லையும் ஒரு சில காவலர்கள் சுற்றிவர முடியாது. எந்த வாய்க்கால் முனையில் எந்த மாதம் நீலச்சிறகி இறங்கும், எந்தக் கரையில் குருணை மருந்து கலந்த நெல்லை இறைக்க வசதி என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்கள் இதே ஊர்களில் இருக்கிறார்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் பணிக்கு அவர்களை எடுக்க வேண்டும். பழைய வழக்கு இருப்பதையே தகுதிக் குறைவாகக் காட்டினால், பழக்கமுள்ள ஒருவரும் கிடைக்கமாட்டார். திருடனிடம் சாவி கொடுப்பதா என்பார்கள். சாவி ஏற்கெனவே அவரிடம்தான் இருக்கிறது, சம்பளம்தான் இல்லை. தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் மட்டும் இது எடுபடாது. மறுபடி கண்ணிக்கே போவார்.

இன்னொன்று, மகஜரையும் இணக்கத் தொகை ஆணையையும் தமிழில் வாசித்துக் காட்டி, நகலைக் கையில் கொடுப்பது. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நரிக்குறவரும் குருவிக்காரரும் 2023இல் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள். இருளர்கள் முன்பே பட்டியலில் இருப்பவர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பழங்குடியினர் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். பிடிபட்ட அன்றே இதைச் சொல்ல வேண்டியவர் வனச்சரக அலுவலர்.

வாங்குபவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாலையோரத்தில் கால் கட்டிய மடையான்களைத் தொங்கவிட்டு ஒருவர் நின்றால், வேகத்தைக் குறைக்கிற கார் எத்தனை! நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடையில் ‘ஸ்பெஷல்’ என்று காதோடு சொல்வதும் அதேதான். வன உயிரினத்தை வாங்குவது 49ஆம் பிரிவின்படி குற்றம். உணவகத்தில் அந்தக் கறியைச் சமைத்துப் பரிமாறுவதை 44ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் நான் பார்த்த வழக்குக் கட்டுகளில் கார்க்காரர் பெயர் இருந்ததில்லை. கரையில் ஒருவரைப் பிடிக்கும் வேகத்தில் பாதியைச் சாலையில் காட்டினாலே பறவைக்கு விலை இல்லாமல் போகும்.

இதைப் படிப்பவர் இந்தப் பனிக்காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவதாக இருந்தால் ஒரே ஒரு கோரிக்கை: மடையான் கறிக்கு வண்டியை நிறுத்தாதீர்கள். சட்டப்படி அந்தப் பையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

- கட்டுரையாளர், வழக்கறிஞர். வன உயிரினச் சட்ட வழக்குகளை நடத்தி வருபவர்.