ஸ்ரீயில் முறியும் நாக்கு

ஊர்ப்பெயரைத் தமிழன் தன் நாவுக்கேற்ப ஒலித்தால் அது பிழையாம்! ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் செம்மையாம். சீவில்லிபுத்தூர் என்றால் பாமரத்தனமாம். தீர்ப்புக் கூறும் மேதாவிகளை நாம் ஒன்று கேட்கிறோம்: அந்த ஸ்ரீயை எந்த அசையில் அடக்குவீர்கள்?

மெய்யெழுத்தைத் தலையில் சுமந்து தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை. ஆகவேதான் உழவரும் நெசவாளரும் அதனைச் சீ என்று உருக்கிக் கொண்டனர். திரு என்று தொடங்கிப் பாருங்கள், தோழர்களே! திரு, வில், லிபுத், தூர்: நிரை, நேர், நிரை, நேர். இரண்டு புளிமா! ராஜா இராசாவாகி இராசபாளையத்தில் குடியேறியதும் இவ்வழியே.

அருகிலுள்ள சோழபுரத்தைக் காணுங்கள். சோழன் நம்மவன், புரம் வடக்கிலிருந்து வந்த சொல். வந்தது மகர ஒற்றைச் சூடி, சோ, ழபு, ரம் என்று கூவிளங்காயாய் அமர்ந்துவிட்டது. யாருக்கு என்ன இழப்பு? ஆனால் நம் ழகரம் ஆங்கிலம் சென்றதும் 'சோலா' ஆகிறது. அதையே நம் பட்டதாரியும் பெருமையோடு படிக்கிறார்!

வாங்கிய சொல்லின் அசையை ஆள்வது யார்? மெக்சிகோவிலும் இதே போர்தான். 1521-இல் ஸ்பானியர் அந்நாட்டுத் தலைநகரை வென்றனர். நாவட்டில் மொழியினர் நாட்டின் பெயரில் ஈற்றயல் அசையை அழுத்தி ஒலித்தனர். ஸ்பானியம் அவ்வழுத்தத்தை முதலசைக்கு இழுத்தது. ஆயினும் அம்மக்களின் நாக்கு மாளவில்லை. அட்லாஸ் என்னும் சொல்லை ஸ்பெயினில் பெரும்பாலோர் அட்-லாஸ் என முறிப்பர், மெக்சிகோவிலோ அ-ட்லாஸ். 'ட்ல்' என்பது நாவட்டிலில் பிரிக்கவொண்ணா ஓரொலி. வென்றவன் மொழியிலேயே தோற்றவன் அசை வாழ்கிறது! (நாவட்டில் என்ற பெயரின் ஈற்றில் இகரம் சேர்த்தது நம் நாக்கு. சேர்த்தால் என்ன?)

அந்நாட்டுச் 'சில்லி' கடல் கடந்து வந்தபோது, மிளகைப்போல் உறைக்கும் காய் என்று மிளகாய் எனப் பெயரிட்டான் தமிழன். எந்தச் சாத்திரியாரிடமும் இசைவு கேட்கவில்லை.

2020 சூனில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்பின்படி ஆங்கிலத்தில் எழுதத் தமிழக அரசு ஆணையிட்டது. எழுத்துக்கூட்டலில் குழப்பம் இருந்ததை நாம் மறுக்கவில்லை. குழப்பத்தைத் திருத்தலாகாதா? நகைப்பொலி எழுந்தது, சில நாட்களில் ஆணையே திரும்பப் பெறப்பட்டது. நகைத்தவர்களே, வெள்ளையன் காதில் விழுந்தபடி எழுதிய கூட்டலுக்கு மட்டும் எந்த இலக்கணம் காட்டுவீர்கள்?