அடமானத்தில் ஆடிய பந்து

இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளாலும் தையல் தொழிலாலும் வளர்ந்த நகரம் லீட்ஸ். தொழிலாளர்கள் வாரக் கூலியில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்கி வளர்த்த கால்பந்து கிளப்தான் லீட்ஸ் யுனைடெட். அதை முதலாளிகள் என்ன பாடு படுத்தினார்கள் என்பதைத் தோழர்கள் அறிவது அவசியம்.

2000 நவம்பரில் ரியோ பெர்டினாண்டு என்ற ஆட்டக்காரரை 1 கோடி 80 லட்சம் பவுன் கொடுத்து வாங்கினார்கள். 2001-ல் அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் போட்டியில் அரையிறுதி வரை சென்றது. இயக்குநர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதே ஆண்டில் மேலும் 6 கோடி பவுன் கடன் வாங்கினார்கள். எதை ஈடு வைத்து? இனி 25 ஆண்டுகளுக்கு ரசிகர்கள் வாங்கப்போகும் டிக்கெட் வசூலை! நாற்று நடுமுன்பே நெல்லை அடகு வைத்த கதைதான் இது.

ஆண்டுதோறும் ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்று அந்தப் பணத்தில் கடனை அடைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. தகுதி கிட்டவில்லை. 2002-ல் பெர்டினாண்டைச் சுமார் 3 கோடி பவுனுக்கு விற்றார்கள். அப்படியும் 2003-ல் கடன் ஏறத்தாழ 8 கோடி பவுன்! 2004-ல் அணி முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. சொந்த மைதானமும் விற்கப்பட்டது. 2007-ல் கிளப் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போயிற்று. மேல் டிவிஷனுக்குத் திரும்ப 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

"ஆட்டக்காரர்களின் பேராசைதான் காரணம்" என்று சிலர் சொல்கிறார்கள். இதை நாம் ஒப்ப மாட்டோம். 1961 வரை இங்கிலாந்தில் ஆட்டக்காரருக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் கூலி தரக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. சங்கம் அமைத்து, வேலை நிறுத்த நோட்டீஸ் கொடுத்துத்தான் அதை உடைத்தார்கள். கூலி கேட்டது குற்றமல்ல. அடமானப் பத்திரத்தில் கையெழுத்திட்டது யார்? இயக்குநர் குழு அல்லவா!

நஷ்டம் யார் தலையில் விழுந்தது? 2007-ல் மற்றக் கிளப்புகளின் பாக்கியை முழுதும் தீர்க்க லீக் விதி இருந்தது. அரசாங்க வரிக்கும் சில்லறைக் கடன்காரர்களுக்கும் முதலில் பேசியது பவுனுக்கு ஒரே ஒரு பென்னி! லாபம் வந்தால் முதலாளிக்கு. நஷ்டம் வந்தால் ஊருக்கு.

ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையின் பெரும்பகுதி உறுப்பினர் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. பிரிட்டிஷ் பார்லிமெண்டும் 2025-ல் கால்பந்துக் கண்காணிப்புக்குச் சட்டம் செய்தது. கண்காணிப்பு மட்டும் போதாது என்பதே நமது கருத்து. டிக்கெட் வாங்கும் உழைப்பாளிக்குக் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும், கடனை மறுக்கவும் உரிமை வேண்டும். கிளப்பானாலும் ஆலையானாலும் நியாயம் ஒன்றே!