பழைய எஞ்சினும் புதிய டீகோடரும்

சென்னைக்கும் ஈரோட்டிற்கும் இடையே இரவில் ஓடும் ரயிலொன்று ‘ஏற்காடு எக்ஸ்பிரஸ்’ என்னும் பெயர் பூண்டிருக்கின்றது. எம் மலையின் பெயரைத் தாங்கிய அவ்வண்டி எம் மலையை ஒருநாளும் ஏறியதன்று. சேலம் சந்திப்பில் நின்று, பின் தன் வழியே போய்விடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, காப்பித் தோட்டங்களின் நடுவே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வாழும் சேர்வராயன் மலை மக்களுக்கு ரயில் என்பது அடிவாரத்துப் பொருளேயாம். அருகில் இல்லாத பொருளின்மேல் ஆசை மிகுதல் மாந்தர் இயல்பு. ஆதலால், எம் தோழர் சிலர் மேசையின்மீது ஓடும் மாதிரி ரயிலின்பால் பெருங்காதல் கொண்டிருத்தல் வியப்பன்று. அவரோடு கூடி யாமும் அத்தொழிலிற் சில மாலைப்பொழுதுகளைப் போக்கியுள்ளோம். அதனால் யாம் கொண்ட கருத்தொன்றை இம்மலரின் வாயிலாக அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

மாதிரி ரயிலைப் பழைய முறையில் ஓட்டுவது எளிது. இரு தண்டவாளங்களிலும் 12 வோல்ட் வரையுள்ள நேர்மின்சாரத்தைச் செலுத்தினால் எஞ்சின் ஓடும். மின்சாரத்தைக் குறைத்தால் வேகம் குறையும். திசையை மாற்றினால் எஞ்சின் பின்னோக்கும். ஆனால் ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களை நிறுத்தினால் இரண்டும் ஒருங்கே ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்டல் இயலாது. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பொத்தான் வைத்தலே அதற்குப் பரிகாரமாயிருந்தது.

இக்குறையை நீக்க வந்ததே டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை. 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் லென்ஸ் என்னும் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் 1990-களில் ஒரு பொது நியமத்தை வகுத்தது. இம்முறையில் தண்டவாளத்தில் முழு மின்சாரமும் எப்பொழுதும் நிற்கும். அம்மின்சாரம் இடைவிடாது முன்னும் பின்னுமாகத் திசைமாறும். அம்மாற்றத்தின் கால அளவே செய்தியாகும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடியாயின் ‘ஒன்று’ என்றும், 100 மைக்ரோ விநாடியோ அதனினும் மிகுதியோ ஆயின் ‘சுழி’ என்றும் பொருள். எஞ்சினுக்குள் வைக்கப்பெற்ற டீகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகை அச்செய்தியைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் ஏற்று, மோட்டாரையும் விளக்கையும் இயக்கும். பள்ளி மணியடித்தால் மாணவர் அனைவரும் எழுவர்; பெயர் சொல்லி அழைத்தால் ஒருவனே எழுவான். பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாடு இத்துணையே.

நிற்க. புதிய எஞ்சினை வாங்குவோர்க்கு இஃது இன்பமே. பழைய எஞ்சினை உடையார்க்கோ துன்பத்தின் தொடக்கம் இங்கேதான்.

முதலாவது துன்பம் இடமின்மை. 1:87 என்னும் அளவில் ஒரு டீசல் எஞ்சின் ஒரு சாண் நீளமே இருக்கும். அதன் உள்ளே மோட்டாரும் பற்சக்கரங்களும் போக எஞ்சிய இடமெல்லாம் வார்ப்பு உலோகக் கட்டியால் நிரப்பப்பட்டிருக்கும். அக்கட்டி வீணுக்கு வைத்ததன்று. எடையில்லையேல் சக்கரம் வழுக்கும், பெட்டிகளை இழுக்கமாட்டாது. டீகோடருக்கு இடம் வேண்டின் கட்டியை அரத்தால் அராவவேண்டும். அராவ அராவ இழுவை குறையும். அராவிய துகள் மோட்டாருக்குள் சென்று புகுந்தால் அது வேறொரு தொல்லை.

இரண்டாவது துன்பம் இதனினும் பெரிது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் கரித்துண்டுகளில் ஒன்று உலோக அடிச்சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். அச்சட்டமே ஒருபக்கத்துச் சக்கரங்களினின்றும் மின்சாரம் கொணரும் வழியுமாம். நேர்மின்சாரத்திற்கு இது சிக்கனமான அமைப்பு. டீகோடருக்கோ இது நஞ்சு. தண்டவாளத்து மின்சாரம் டீகோடரின் வழியாகவன்றி நேரே மோட்டாரை அடையுமாயின், டீகோடர் அக்கணமே கருகும். ஆகவே மோட்டாரைச் சட்டத்தினின்றும் முற்றிலும் பிரித்து, இடையே மின்கடத்தாத் தகடோ குழலோ இடவேண்டும். நகத்தளவு இடத்தில் இதனைச் செய்து முடித்தற்குப் பொறுமையே முதற்கருவி.

மூன்றாவது மின்னளவு. பழைய மோட்டாரின் காந்தம் ஆண்டுகள் செல்லச் செல்ல வலிகுன்றும். வலிகுன்றிய மோட்டார் மிகுந்த மின்சாரத்தை உண்ணும். இவ்வளவு எஞ்சின்களுக்குரிய சாதாரண டீகோடர் தாங்குவது ஏறத்தாழ ஓர் ஆம்பியர். சக்கரத்தைக் கையாற் பிடித்து நிறுத்தி, 12 வோல்ட்டில் அம்மோட்டார் எத்துணை ஆம்பியர் கொள்கின்றது என்று அளந்தறியாமல் டீகோடரை வாங்குதல், கால் அளவு காணாமல் செருப்பு வாங்குவதை ஒக்கும். பழைய விளக்குகளும் முழு மின்சாரத்தில் ஓயாது எரிந்து, அருகிலுள்ள பிளாஸ்டிக் கூட்டை இளக்கிவிடும்.

இத்தனையும் கடந்து எஞ்சின் ஓடத்தொடங்கிய பின்னரும் அமைதியில்லை. புதிய டீகோடர் ஒவ்வொன்றும் தொழிற்சாலையினின்றும் 3 என்னும் எண்ணோடு வருதல் வழக்கம். அதனை மாற்றாவிடின், மூன்றாம் எண்ணை அழைத்தவுடன் மூன்று எஞ்சின்கள் ஒருசேரப் புறப்படும். எம் மலைக்கோ தனித் தொல்லை ஒன்றுண்டு. மழைக்காலத்து மூடுபனி சாளரத்தின் வழியே உட்புகுந்து தண்டவாளத்தின்மேல் ஈரத்தைப் படியவைக்கும். தூசியும் அதனோடு சேர்ந்து அழுக்காகும். பழைய முறையில் எஞ்சின் சற்றுத் தயங்கி மீண்டும் ஓடும். புதிய முறையிலோ மின்தொடர்பு அறுந்தால் கட்டளையும் உடன் அறும்; நடுப்பாதையில் விளக்கணைந்து எஞ்சின் நின்றுவிடும்.

இத்துன்பங்களைக் கண்டு, “பழையனவற்றையெல்லாம் விற்றுவிட்டு, டீகோடர் பொருத்தி வரும் புதியனவற்றையே வாங்குக” என்பார் சிலர். வாங்குவதற்குப் பொருள் வேண்டாவோ? மாதிரி ரயில்கள் பெரும்பாலும் கடல்கடந்து வருவன. நம் நாட்டில் பொம்மைகள் மீதான இறக்குமதித் தீர்வை 2020-ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டினின்றும் 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. மாணவர் கைக்கு எட்டுவன பெரியோர் எவரேனும் பரணிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழைய எஞ்சின்களேயாம். அவற்றை விலக்கினால் எம்போல்வார்க்கு இத்தொழிலே இல்லையாகும்.

புதிய ரசத்தையும் பழைய துருத்தியையும் பற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையைக் காட்டி எம்மை மறுக்கும் நண்பரும் உளர். அவ்வுவமையில் துருத்தி கிழிவதற்குக் காரணம் அது நெகிழும் தன்மையை இழந்தமையன்றோ? எஞ்சின் அத்தகையதன்று; அரத்திற்கும் திருப்புளிக்கும் அஃது இடங்கொடுக்கும்.

மெய்யான ரயிலிலேயே இதற்குச் சான்றுண்டு. நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தினின்று குன்னூருக்கு 1899-இல் ஓடத்தொடங்கி, 1908-இல் உதகையை எய்தியது. பன்னிரண்டடிக்கு ஓரடி உயரும் அச்செங்குத்துப் பாதையில் பற்சக்கரம் பற்றி ஏறும் ‘எக்ஸ்’ வகுப்பு நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் நிலக்கரிக்கென்று செய்யப்பெற்றவை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவற்றுட் சிலவற்றின் அடுப்பை மாற்றி, எண்ணெய் எரிக்குமாறு செய்தனர். நிலக்கரி எஞ்சினென்று எவரும் அவற்றை உடைத்தெறியவில்லை. பின்னர்த் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையில் அதே வகுப்பிற் புதிய எஞ்சின்களும் ஆக்கப்பட்டன. 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் அம்மலை ரயிலை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பழைய உடலுக்குப் புதிய உறுப்புப் பொருந்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் குற்றம் யாரிடத்து? பழைய எஞ்சினைச் செய்தார்மேல் யாம் குறைகூறோம்; அவர் காலத்தில் டீகோடர் இல்லை. புதியன செய்வார்மேல்தான் எம் வழக்கு. எல்லா டீகோடர்களுக்கும் கட்டளை மொழி ஒன்றே. ஆனால் அவற்றைச் செருகும் வாயில்களோ ஆறு ஊசி, எட்டு ஊசி, பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்திரண்டு எனப் பலவாய்ப் பெருகிக் கிடக்கின்றன. மொழியை ஒன்றாக்கியவர் வாயிலை ஒன்றாக்க மறந்தது என்னை? விலைகுறைந்த எஞ்சின்களிற் சில இன்றும் வாயிலே இன்றி வருகின்றன. தமக்குப்பின் அதனைத் திறந்து பார்ப்பான் ஒருவன் வருவான் என்று கருதி விரலகல இடம் விட்டுவைத்தல் செய்வோர் கடன்.

நம் கடனும் ஒன்றுண்டு. ‘தமிழ் பயில்வார்க்கு இதில் யாது வேலை?’ என வினவுவார்க்கு விடையும் அதுவே. இத்தொழிலுக்குரிய வழிகாட்டிகளாக எம் கைக்கு எட்டியன எல்லாம் ஆங்கிலத்திலோ ஜெர்மானியத்திலோ இருந்தன. எளிய தமிழில் நான்கு பக்கம் போதும். சிவப்புக் கம்பி வலத் தண்டவாளத்திற்கும் கறுப்பு இடத்திற்கும் உரியவை; ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு; வெள்ளை முன்விளக்கிற்கு; மஞ்சள் பின்விளக்கிற்கு; நீலம் விளக்குகளுக்கெல்லாம் பொது. முதலில் எஞ்சினைப் பழைய முறையில் ஓட்டிப் பழுதுபார். பின் மோட்டாரின் மின்னளவைக் காண். கம்பிகளை இணைக்குமுன் மோட்டாருக்கும் தண்டவாளத்திற்கும் தொடர்பின்மையை மீட்டரால் உறுதிசெய். பற்றவைத்தபின் குறைந்த மின்சாரமுள்ள சோதனைப் பாதையில் வைத்துப் பார். அதன் பின்னரே பெரும்பாதையில் ஏற்று. இதனை எழுதுங்கால் டீகோடர், மோட்டார், சாலிடர் என்னும் சொற்களை அவ்வாறே வைத்தல் நன்று. பணிமனையில் ஒருவர் வாயிலும் வழங்காத சொற்களைப் புதிதாய்ப் புனைந்து, கற்கவந்த சிறுவனுக்கு இரண்டாவது பூட்டுப் போடுதல் தமிழ்த்தொண்டாகாது.

கல்லூரியின் பழைய மாணவர்கட்கு ஒரு வேண்டுகோள்: தங்கள் இல்லத்துப் பரணில் ஓடாது கிடக்கும் மாதிரி எஞ்சின்களைப் பழைய இரும்போடு எடைக்குப் போடற்க, பொருத்திப் பழக விரும்பும் மாணவர் கையிற் கொடுத்துதவுக. மாணவ நண்பர்கட்கும் ஒன்று: எஞ்சின் ஓடவில்லையேல் சினந்து எறியற்க; அதனைத் திறந்து, எந்தக் கம்பி எதனைத் தொடுகின்றது என்று முதலிற் பார்மின்.