பரதேசத்தில் பண்டிகை

டிசம்பர் பிறந்தால் நம் பத்திரிகைகளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தேவைப்படுகிறார். வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். பனி பெய்யும் தேசத்தில் தாயை விட்டுவிட்டு வந்து, நம் ஊர்ப் பனங்காட்டு ஓரத்து ஓலைக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் இரவில் அவர் கண் கலங்க வேண்டும். சுற்றிலும் கறுத்த பிள்ளைகள் நிற்க வேண்டும். அதிலே ஒரு பிள்ளை ஓடிவந்து அவர் கையில் ஒரு சங்கையோ சிப்பியையோ வைத்துவிட்டால் கதை முடிந்தது. வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்து ஜவுளி விளம்பரத்துக்குப் போகலாம்.

இந்தக் கதையை எழுதித் தரும்படி என்னையும் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். கிறிஸ்தவத்தின் மேல் எனக்கு விரோதம் என்று யாரும் எண்ண வேண்டாம். என் சண்டை அந்தக் கதையோடுதான். வீட்டை விட்டு வந்தவர்களில் தானாக விரும்பி வந்தவனுக்கு மட்டும் கண்ணீர் வடிக்கிற பழக்கத்தோடு என் சண்டை.

மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராமேசுவரம் போகிறவர்கள் ரயில் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, பாம்பன் பாலம் எப்போது வரும் என்று தவிக்கிற ஊர். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இதற்கு மேற்கே சில மைல் தூரத்தில் வேதாளை இருக்கிறது. அங்கே 1549-ல் ஓர் இத்தாலிய இளைஞர் செத்துப்போனார். பெயர் அந்தோனியோ கிரிமினாலி. பார்மா நகருக்குப் பக்கத்தில் சீசா என்ற ஊரில் 1520-ல் பிறந்தவர். 1545-ல் கோவாவுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தார். பிறகு சவேரியார் அவரை இந்த முத்துக்குளித் துறைக் கரையின் சேசு சபைக்குத் தலைவராக்கினார். இறந்தபோது வயது இருபத்தொன்பது. சேசு சபையின் முதல் வேதசாட்சி என்று அவரைச் சொல்கிறார்கள்.

நம் கதைக்காரர்களுக்கு இவரைவிடப் பொருத்தமான நாயகன் கிடைக்கமாட்டார். இளைஞர், இத்தாலியர், ஊருக்குத் திரும்பாதவர். ஆனால் அவர் எப்படி இறந்தார் என்று கொஞ்சம் நின்று பாருங்கள். போர்த்துக்கீசியர்களுக்கு வேதாளையில் ஒரு சிறு காவல் படை இருந்தது. அதன் தலைவன் ராமேசுவரம் போகும் வழியில் அகழி வெட்டி, யாத்திரிகர்களிடம் வரி வசூல் செய்தான். சேதுவில் நீராடக் காசியிலிருந்து நடந்து வருகிறவனுக்குக் கடைசி மைலில் ஒரு பறங்கி கை நீட்டிக் காசு கேட்டால் எப்படி இருக்கும்? குமுறல் முற்றி, வடுகர் படை திரண்டு வந்தது. காவல் படை கப்பலுக்கு ஓடிற்று. கிரிமினாலியும் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. கிறிஸ்தவப் பெண்களையும் பிள்ளைகளையும் படகுகளில் ஏற்றிவிடுவதற்காகக் கரையிலேயே நின்றார். ஈட்டி பாய்ந்தது அங்கேதான்.

இந்த வரலாற்றைப் பக்தர்கள் சொல்லும்போது அகழியும் வரியும் காணாமற்போகின்றன. பாதிரிகள் எல்லோரும் பறங்கியின் கையாட்கள் என்கிற கட்சியார் சொல்லும்போது படகில் ஏற்றப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் காணாமற்போகிறார்கள். இரண்டு பேருக்கும் பாதிக் கதை போதும், எனக்குப் போதாது. வரி வாங்கியவனுடைய துப்பாக்கி நிழலில்தான் கிரிமினாலி வாழ்ந்தார்; அந்தப் பாவத்தின் கணக்கு அவர் சபைக்கும் கொஞ்சம் உண்டு. சவேரியாரே 1544-ல் எழுதிய கடிதங்களில் போர்த்துக்கீசிய அதிகாரிகளின் அக்கிரமத்தைக் கண்டு கொதித்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் துப்பாக்கிக்காரன் ஓடிய பிறகு நிராயுதபாணியாக நின்றவர் கிரிமினாலி. அந்த ஒரு நாழிகை அவருக்கே சொந்தம்.

அவருடைய பெருமை எங்கே இருக்கிறது? பார்மாவை விட்டு வந்ததிலா, வேதாளையை விட்டுப் போகாததிலா? நம் கிறிஸ்துமஸ் கதைகள் எல்லாம் முதலாவதிலேயே மயங்கிக் கிடக்கின்றன. ஊரை விட்டு வருவதற்கு இளமையும் ஒரு கப்பலும் போதும். சாம்பிராணி விற்கிறவனும் வந்தான், மிளகு வாங்குகிறவனும் வந்தான்.

இதே கரையில் வேறொரு பாதிரி இருந்தார், அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் என்ரிக் என்ரிக்கஸ். 1546-ல் இந்தியாவுக்கு வந்து, கிரிமினாலிக்குப் பின் இந்தத் துறையின் பொறுப்பை ஏற்று, 1600-ல் இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். ஐம்பது வருஷத்துக்கு மேலே கிறிஸ்துமஸ் வந்து போயிற்று அவருக்கு. 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிற்று. தமிழ் எழுத்து இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அது. 1839-ல் சென்னையில் இறங்கிய ஜி. யு. போப்புக்கு வயது பத்தொன்பது. அவருடைய முதல் கிறிஸ்துமஸ் இரவில் அம்மாவை நினைத்து அழுதாரா என்று யாராவது விசாரிக்கிறோமா? 1886-ல் குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொடுத்தாரே, அது போதும் நமக்கு. வந்த இடத்தின் பாஷையில் வேலை செய்தவனுக்கு நம் அனுதாபம் தேவையில்லை. நன்றி சொன்னால் போதும்.

இன்றைக்கும் இளைஞர்கள் வருகிறார்கள். அமெரிக்காவின் மார்மன் சபையில் பதினெட்டு வயது நிறைந்த பையன்கள் இரண்டு வருஷம் வெளியூர் ஊழியத்துக்குப் புறப்படுகிறார்கள். பெண்கள் ஒன்றரை வருஷம். 2019 பிப்ரவரி வரைக்கும் அவர்கள் வீட்டாரோடு பேச வருஷத்தில் இரண்டே நாள்தான்: கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். பதினெட்டு வயதுப் பிள்ளை அந்த ஒரு டெலிபோனுக்காகத் தவித்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தவிப்பைக் கேலி செய்கிறவன் மனிதனல்ல. ஆனால் அவனுக்கு ஒரு தேதி தெரியும். இத்தனையாவது மாதம் விமானம் ஏறுவோம், அம்மா நிலையத்தில் நிற்பாள், சபையில் எழுந்து நின்று தன் அனுபவத்தைச் சொல்வோம் என்று தெரியும். திரும்பிப் போகிற தேதி தெரிந்தவனுடைய ஏக்கம் ஒரு ஜாதி. தெரியாதவனுடைய ஏக்கம் வேறு ஜாதி.

அந்த இரண்டாவது ஜாதிக்கு மண்டபமே தலைநகர். ஒரு காலத்தில் இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் இங்கே ஒரு முகாம் நடத்திற்று. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலி ஜனங்களை நோய் இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்து, அப்புறம் கப்பல் ஏற்றுவார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஆன பிறகு, அந்தக் கூலிகளின் பேரப் பிள்ளைகள் ‘தாயகம் திரும்புகிறவர்கள்’ என்ற பெயரோடு, தாங்கள் பார்த்தே இராத தாயகத்துக்கு இதே வழியாக வந்து இறங்கினார்கள். அதே வருஷம் டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போயிற்று. மூன்றாம் நாள் கிறிஸ்துமஸ். தனுஷ்கோடி மாதா கோயிலின் சுவர்கள் இன்னும் மணலில் நிற்கின்றன. அந்தக் கோயிலில் அந்த வருஷம் பூசை காண இருந்தவர்களின் கிறிஸ்துமஸை எந்த மலரில் படித்தீர்கள்?

1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து அகதிகள் படகில் வந்தார்கள். மண்டபம் முகாம் மறுபடியும் நிறைந்தது. 2022-ல் இலங்கையில் அரிசிக்கும் பால் மாவுக்கும் வழியில்லாமற் போனபோது, கைக்குழந்தைகளோடு மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களும் இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணமாகி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. டிசம்பரில் குடில் ஜோடித்து, தாளில் நட்சத்திரம் கட்டுகிறவர்கள் உண்டு. பரதேசத்தில் கிறிஸ்துமஸ் என்றால் இதுவல்லவா?

இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் அகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில், பண்டிகைக்குச் சில நாள் முன்பு, ராமேசுவரம், மண்டபம், புதுக்கோட்டைக் கரைகளைச் சேர்ந்த 60-க்கும் மேற்பட்ட மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிற்று. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் காவலில் கழிந்தது. மார்கழி மாதத்து வாடையில் வடகடல் கொந்தளிக்கும். பல நாள் படகு இறங்காது. கையில் காசு வறண்ட காலத்தில்தான் பண்டிகை வருகிறது. அப்படிப்பட்ட மாதத்தில் துணிந்து கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில், அவன் பெண்சாதி பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுத்தாளா இல்லையா என்பது எனக்குக் கதையாகப் படுகிறது. பத்திரிகைக்குப் படவில்லை.

இதற்கு ஒரு பதில் சொல்கிறார்கள். விரும்பித் துன்பம் ஏற்பதுதான் தியாகம். விதிவசத்தால் வந்த கஷ்டத்தில் என்ன தியாகம் இருக்கிறது என்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான பதில்தான். தியாகத்துக்குப் பரிசு கொடுக்கிற சபையில் இந்த வாதம் செல்லும். நான் பேசுவது அனுதாபத்தைப் பற்றி. காலில் தானே முள் குத்திக்கொண்டவனுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, வழியில் முள் தைத்தவனை, ‘நீ விரும்பிக் குத்திக்கொள்ளவில்லையே’ என்று அனுப்புகிற வைத்தியன் உண்டா? இன்னொன்றும் உண்டு. அந்த முகாம் வீட்டில், அரசாங்க உதவிப் பணத்தில் மிச்சம் பிடித்து அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் பலகாரம் கொடுக்கிறவள் அதை விரும்பித்தானே செய்கிறாள்? அதிலே தியாகம் இல்லையா?

கிறிஸ்துமஸ் கதையின் மூலத்தையே எடுத்துப் பாருங்கள். அரசன் குடிமதிப்பு எடுக்கச் சொன்னதால் நிறைமாத கர்ப்பிணி வெளியூர் போகிறாள். தங்க இடமில்லை. பிள்ளை பிறந்த பிறகு, அதைக் கொல்ல ஆள் வருகிறது என்று கேட்டு, இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். இடையில் தூர தேசத்து ஞானிகள் வருகிறார்கள், காணிக்கை வைக்கிறார்கள், வேறு வழியாகத் தங்கள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். நம் டிசம்பர் மலர்கள் இத்தனை வருஷமாக அந்த ஞானிகளின் பிரயாணக் களைப்பையே எழுதிக்கொண்டிருக்கின்றன. ஓடிய குடும்பத்தை எழுத ஆளில்லை.

பத்திரிகாசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். கிரிமினாலியைப் பற்றி எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எழுதும்போது அகழியையும் எழுதுங்கள். அவர் படகில் ஏற்றிவிட்ட பெண்களைப் பற்றியும் எழுதுங்கள்: எந்தக் கரையில் இறங்கினார்கள், அந்த வருஷம் டிசம்பரில் எந்தக் கூரையின் கீழ் இருந்தார்கள் என்று யோசித்து எழுதுங்கள். அந்த யோசனை உங்களை நேரே மண்டபம் முகாமின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும்.