கோட்டை அழகா இருக்காம்

எல்மினா, கானாவின் கரையோரத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். அங்க போய்வந்தவை போடுற வீடியோக்களை நாங்களும் பார்க்கிறம். வெள்ளை மதில், நீலக்கடல், வண்ண வள்ளங்கள். கடைசியில ஒரே வசனம்: "என்ன அழகான கோட்டை!"

எங்களுக்கு அந்தச் சொல்லிலதான் கோபம். 1482இல் பொன் வியாபாரத்துக்காகப் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கினது அது. 1637இல் ஒல்லாந்தர் பிடிச்சினம். பொன்னை விட மனிதரை விற்பதே பெரிய வியாபாரமானது. கீழே பெண்களை அடைத்த இருட்டறைகள், மேலே ஆளுநரின் மாடம், முற்றத்தில் தேவாலயம். கடற்பக்க ஒடுங்கிய வாசலால கப்பலுக்குக் கொண்டுபோனவர்கள் திரும்பி வரேல்லை. இதைப் பத்து செக்கனில கடந்துபோற கமெரா எதைத்தான் பார்த்தது?

சுற்றுலாக் காசு அந்த ஊருக்குத் தேவை எண்டு சொல்லுவினம். தேவைதான். போகவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. போனால் அந்த இருட்டறைக்குள்ள கொஞ்சநேரம் நில்லுங்கோ, வழிகாட்டி சொல்லுறதை முழுசாக் கேளுங்கோ. படம் பிறகு எடுக்கலாம்.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்சதும் ஒல்லாந்தர்தான். கொம்பனி மட்டும் வேற. எல்மினாவில் அழகை மட்டும் பார்க்கப் பழகின கண், எங்கட கோட்டை மதிலில கலியாணப் படம் எடுக்கேக்கையும் ஒண்டும் கேட்காது.