கண்டுபிடிக்க காசு கொடுக்குற அரசு, கண்டுபிடிச்சதை ஏன் வாங்க மாட்டேங்குது?

1/ "ஸ்டார்ட்அப்புக்கு எதுக்குங்க மானியம், வரிப்பணம் வேஸ்ட்"னு ஒரு கூட்டம். "எத்தனை கோடி ஒதுக்கியிருக்கோம் பாருங்க"னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேரும் பேசாத ஒரு விஷயம் இருக்கு. அரசு மருத்துவமனையில வேலை பார்க்குறவன்ங்கிற முறையில அதைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ பேசப்போறது ஆப்டிகல் சென்சார் பத்தி. பேரைப் பார்த்து பயப்பட வேண்டாம். கொரோனா காலத்துல வீட்டுக்கு வீடு விரல்ல மாட்டிப் பார்த்தோமே, அந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒரு ஆப்டிகல் சென்சார் தான். ஒரு பக்கம் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும். எதிர்ப்பக்கம் ஒரு டிடெக்டர். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் இந்த ரெண்டு ஒளியையும் வேற வேற அளவுல உறிஞ்சும். அந்த வித்தியாசம் தான் நீங்க பார்க்குற சதவீதம்.

3/ இதே குடும்பத்துல இன்னொண்ணு: பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை பார்க்குற கருவி. பிலிருபின் நீல ஒளியை உறிஞ்சும். தோல்ல வெச்சு ஒரு தட்டு தட்டினா அளவு வந்துடும், ஊசி வேண்டாம். நிறைமாசக் குழந்தைகள்லயே 10க்கு 6 பேருக்கு முதல் வாரத்துல மஞ்சள் வரும். பெரும்பாலும் தானா சரியாகிடும். மிஞ்சிப் போனா மூளையை பாதிக்கும். யாருக்கு மிஞ்சும்னு தெரிஞ்சுக்கத்தான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்குறோம்.

4/ நம்ம ஊர் பொறியாளர்களுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாதா? தெரியும். கொல்கத்தா எஸ்.என்.போஸ் மையமும் நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, குழந்தையைத் தொடாமலே நகத்துல ஒளி பாய்ச்சி பிலிருபின் பார்க்குற கருவியை உருவாக்கினாங்க. அதோட தொழில்நுட்பம் ஒரு கம்பெனிக்கு கைமாறுன செய்தியை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையே 2021-ல வெளியிட்டுச்சு. மூளையும் இருக்கு, அரசுப் பணமும் போயிருக்கு.

5/ பணம் எப்படிப் போகுது? 2005-ல மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை சிறு கம்பெனிகளுக்காக எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. திட்டம் கொண்டு வந்துச்சு. 2012-ல பைராக் வந்துச்சு. அதோட 'பிக்' மானியம் 50 லட்சம் ரூபாய் வரைக்கும், 18 மாசத்துக்கு. ஒரு ஐடியா வேலை செய்யுமான்னு நிரூபிக்க இது நல்ல தொகை. இந்த மானியத்தை நான் குறை சொல்லவே இல்ல. இன்னும் கூட கொடுக்கணும்.

6/ பிரச்சனை 19வது மாசம் ஆரம்பிக்குது. மாதிரிக் கருவி ரெடி. பச்சிளங்குழந்தை வார்டுக்கான கருவியை இந்த நாட்டுல அதிகமா வாங்குற இடம் எது? அரசு மருத்துவமனை. டெண்டரை எடுத்துப் பாருங்க. 3 வருஷம் சப்ளை பண்ண அனுபவம். இத்தனை கோடி டர்ன்ஓவர். கடைசியா எல்-1, அதாவது யார் குறைச்சலா விலை போட்டாங்களோ அவங்களுக்கு.

7/ நேத்து பிறந்த கம்பெனிகிட்ட 3 வருஷ அனுபவம் கேட்டா? ஒரு கை கொடுக்குது, மறு கை கதவைச் சாத்துது. ரெண்டும் அரசோட கை தான்.

8/ "விதியில தளர்வு இருக்கே டாக்டர்"னு யாராவது வருவீங்க. இருக்கு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 173-ல, தரம் சரியா இருந்தா ஸ்டார்ட்அப்புக்கு அனுபவம், டர்ன்ஓவர் நிபந்தனையைத் தளர்த்தலாம். 'தளர்த்தலாம்', 'தளர்த்தணும்' இல்ல. நாளைக்கு ஆடிட் வந்தா பதில் சொல்ல வேண்டிய அதிகாரி எதுக்கு வம்பை விலைக்கு வாங்குவார்? அவரைத் திட்டி பிரயோஜனம் இல்ல. புதுசை வாங்கி தப்பாப் போனா அவர் தலை உருளும். பழசையே வாங்கினா யாரும் கேக்க மாட்டாங்க.

9/ அமெரிக்காவைப் பாருங்க. 1982-ல எஸ்.பி.ஐ.ஆர். சட்டம் போட்டாங்க. பெரிய ஆராய்ச்சி பட்ஜெட் உள்ள துறைகள், வெளியே கொடுக்குற ஆராய்ச்சிப் பணத்துல ஒரு பங்கை (இப்போ 3.2%) சிறு கம்பெனிகளுக்கு ஒதுக்கியே ஆகணும். முதல் கட்டம் ஐடியா, ரெண்டாம் கட்டம் கருவி. மூணாம் கட்டத்துல மானியம் கிடையாது. ஆனா முந்தின ரெண்டு கட்டம் முடிச்ச கம்பெனிகிட்ட, மறுபடி போட்டி டெண்டர் இல்லாமலே அரசுத் துறை நேரடியா வாங்கலாம்.

10/ நாம திட்டத்தோட பேரை எடுத்துக்கிட்டோம், முதல் ரெண்டு கட்டத்தையும் எடுத்துக்கிட்டோம். மூணாவதை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்.

11/ பல்ஸ் ஆக்சிமீட்டர் கதையே இதுக்கு சாட்சி. மூல யோசனை 1974-ல ஜப்பான்ல டகுவோ அயோயாகியோடது. சந்தை உருவானது அமெரிக்காவுல. அங்கே மயக்க மருத்துவர்கள் சங்கம் 1986-ல கண்காணிப்பு விதிமுறை போட்டுச்சு. 1990 முதல் மயக்கம் கொடுக்கும்போது ஆக்சிமீட்டர் கட்டாயம்னு ஆச்சு. வாங்குறவங்க உறுதியானா தான் ஒரு கருவி பிழைக்கும்.

12/ இப்போ முக்கியமான விஷயம். "சீனாவுல இருந்து சில நூறு ரூபாய்க்கு வருதே, நாம எதுக்கு செய்யணும்?" பதில் நம்ம தோல்ல இருக்கு.

13/ ஆக்சிமீட்டர் காட்டுற எண் வெறும் ஃபார்முலாவுல வர்றது இல்ல. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்து, அதோட ஒப்பிட்டுப் போட்ட அட்டவணைல இருந்து வருது. அந்தத் தன்னார்வலர்கள் யாரு? அமெரிக்க எஃப்.டி.ஏ.வோட 2013 வழிகாட்டுதல்படி 10 பேர் போதும், அதுல கருத்த தோல் உள்ளவங்க 2 பேர் இருந்தா போதும்.

14/ விளைவு 2020 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்துச்சு. மிச்சிகன்ல கருவி 92 முதல் 96 வரை காட்டின நேரங்கள்ல, ரத்தத்துல உண்மையான அளவு 88க்கும் கீழ இருந்தது வெள்ளையர்கள்ல 3.6%, கறுப்பினத்தவர்கள்ல 11.7%. "நல்லா இருக்கு"ன்னு கருவி சொன்ன நேரத்துல ஆக்சிஜன் குறைஞ்சு கிடந்திருக்காங்க. இப்போ எஃப்.டி.ஏ. விதியை இறுக்கப் பார்க்குது. 2025 ஜனவரி வரைவுல தன்னார்வலர் எண்ணிக்கையையே 150க்கு மேல கேக்குது.

15/ நம்ம தோலுக்கு யார் பார்ப்பா? வெளிநாட்டுக் கம்பெனிக்கு அவசியம் இல்ல. உள்ளூர் சிறு கம்பெனிக்கு வசதி இல்ல, அந்த 50 லட்சத்துல சர்க்யூட் போர்டும் சம்பளமும் போனா மிச்சம் என்ன இருக்கும்? ஆனா அரசு மருத்துவக் கல்லூரிகள்ல எல்லாமே இருக்கு. எல்லா நிறத்துலயும் நோயாளிங்க இருக்காங்க, ரத்தவாயு பரிசோதனை இருக்கு, எத்திக்ஸ் கமிட்டி இருக்கு, தீசிஸுக்கு தலைப்பு தேடுற பி.ஜி. மாணவர்கள் இருக்காங்க. இல்லாதது ஒரே ஒரு உத்தரவு.

16/ 2025 ஜூலையில மத்திய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாய்க்கு ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. பெரிய விஷயம் தான். ஆனா அதுல பிரதானமா வர்றது குறைஞ்ச வட்டியிலோ வட்டியே இல்லாமலோ நீண்டகாலக் கடன். வாங்க ஆள் இல்லாத கருவிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தாலும் அசலைத் திருப்பணும்ல?

17/ "சின்னக் கம்பெனி கருவியை நம்பி குழந்தை உயிரை வைக்க முடியுமா?" நியாயமான கேள்வி. கண்ணை மூடிக்கிட்டு வாங்கச் சொல்லல. சோதிச்சு வாங்குங்க, தேறலன்னா தூக்கிப் போடுங்க. மானியத்துலயே காலம் தள்ளுற கம்பெனிகள் அமெரிக்காவுலயும் உண்டு, அதுக்கு 'எஸ்.பி.ஐ.ஆர். மில்'னு கேலிப் பேரே இருக்கு. அந்த மாதிரி ஆளுங்களை வடிகட்டுறதும் இந்த வார்டு சோதனை தான். அறிக்கை எழுதித் தப்பிக்கலாம், ரத்தப் பரிசோதனை முடிவு முன்னாடி தப்பிக்க முடியாது.

18/ கேக்குறது நாலே நாலு:
அ) மானியத்தோட இரண்டாம் தவணையிலயே மருத்துவமனை சோதனைச் செலவைச் சேருங்க.
ஆ) ஒப்பீட்டுச் சோதனைக்குன்னு சில அரசு மருத்துவக் கல்லூரிகளை நியமிங்க. நம்ம தோல் நிறங்கள்ல எடுத்த தரவைப் பொதுவுல வைங்க.
இ) சோதனையில தேறின கருவிக்கு அனுபவம், டர்ன்ஓவர் கேக்கக் கூடாதுன்னு எழுதுங்க. 'தளர்த்தலாம்' வேண்டாம்.
ஈ) தேறினதுல முதல் 200, 300 கருவியை அரசே வாங்கட்டும். அதுக்கப்புறம் சந்தை பார்த்துக்கும்.

19/ புதுசா யாரும் காசு ஒதுக்க வேண்டாம். மானியமும் ஏற்கெனவே செலவாகுது, கருவி வாங்குற பட்ஜெட்டும் ஏற்கெனவே செலவாகுது. அந்த ரெண்டு ஃபைலும் ஒரே மேசைக்கு வரணும், அவ்வளவு தான்.

20/ அடுத்த தடவை "இத்தனை ஸ்டார்ட்அப்புக்கு இத்தனை கோடி"ன்னு செய்தி வந்தா கைதட்டுங்க, தப்பில்ல. கையோட ஒரு கேள்வியும் கேளுங்க: இதுல எத்தனை கருவி இன்னைக்கு அரசு வார்டுல ஓடுது? அதுக்கு பதில் வர்ற வரைக்கும் நாங்க குழந்தை குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்துக்கிட்டுத்தான் இருப்போம்.